எங்களை எந்தக் கட்டத்தில் எண்ணுவீர்கள்?

மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கும், 2019ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணியிட இடஒதுக்கீடு) சட்டத்தின் அட்டவணையில் பெயருள்ள ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும்,

ஓர் ஆய்வு நிறுவனத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போட்டிருந்தேன். கேட்டது பெரிய ரகசியம் எதுவும் இல்லை. இயற்பியல் துறையில் ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர், ஒவ்வொரு பிரிவிலும் பெண்கள் எத்தனை பேர். போன மாதம் பதில் வந்தது. மொத்தம் இத்தனை, அதில் பெண்கள் இத்தனை என்று இரண்டு எண்கள். மீதிக் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து, கேட்ட வடிவில் விவரம் தொகுக்கப்படவில்லை என்று ஒரே வரி.

முப்பது பேர்கூட இல்லாத துறை அது. டீ ஆறுவதற்குள் எண்ணி முடித்துவிடலாம். எண்ண வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எந்த நிறுவனம், அது உங்கள் அட்டவணையில், அதாவது ஆசிரியர் நியமன இடஒதுக்கீட்டிலிருந்து விலக்குப் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில், இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் கைகாட்டிவிட்டால் மற்றவர்கள் எல்லாம் நிம்மதியாகிவிடுவார்கள்.

நான் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவள். பட்டியல் சாதி. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இப்போது ஓர் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினோரு மாதம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படும் வேலை என்பதால் இந்த மடலில் பெயர் போடவில்லை. இதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் ஒரு வருடம் இந்த வேலையில் இருந்து பார்க்கலாம்.

என் பி.எஸ்சி. வகுப்பில் பையன்களைவிடப் பெண்களே அதிகம். இது எங்கள் கல்லூரியில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. உங்கள் அமைச்சகத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் நாடு முழுக்க அறிவியல் பிரிவில் படித்தவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் மாணவிகள் 29.8 லட்சம், மாணவர்கள் 27.4 லட்சம். பெண்களுக்கு அறிவியலில் ஆர்வம் இல்லை என்ற பழைய பேச்சை இந்த எண்ணோடு மூட்டை கட்டிவிடலாம்.

சரி, இவ்வளவு பேரும் அப்புறம் எங்கே போகிறார்கள்? ஆய்வு, மேம்பாட்டுப் பணிகளில் நேரடியாக ஈடுபட்டிருப்போரில் பெண்கள் 16.6 சதவீதம் என்று அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 2018ஆம் ஆண்டுப் புள்ளிவிவரம் சொல்கிறது. வகுப்பில் இருப்பவர்களும் வேலையில் இருப்பவர்களும் ஒரே தலைமுறை இல்லை, இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்று எனக்கும் தெரியும். அதற்கு இடம் கொடுத்த பிறகும் இந்த வித்தியாசம் சிறியது இல்லை.

இன்னொரு பக்கம் சாதிக் கணக்கு. 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் முனைவர் பட்டத்துக்குச் சேர்க்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.1 சதவீதம். சட்டம் சொல்வது 15ம் 7.5ம். இந்தக் கணக்கு அரசே கொடுத்தது.

என் கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த 16.6 சதவீதத்தில் தலித் பெண்கள், பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர்? அந்த 9.1 சதவீதத்தில் பெண்கள் எத்தனை பேர்? பெண்களுக்கான திட்டங்கள் பெண்களை எண்ணும்போது சாதியைக் கேட்பதில்லை. இடஒதுக்கீட்டு ரோஸ்டர் (எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்தும் பதிவேடு) சாதியை எண்ணும்போது பாலினத்தைக் கேட்பதில்லை. கல்லூரி ஆசிரியர்கள் அனைவருக்குமான மொத்தக் கணக்கில் இரண்டும் சேர்ந்து வருவதுண்டு. ஆனால் ஒரு நிறுவனம், அதில் ஒரு துறை, அதில் உதவிப் பேராசிரியர் முதல் பேராசிரியர் வரை என்று பிரித்துப் பார்க்க நான் தேடிய எந்தத் தளத்திலும் கிடைக்கவில்லை. ஆண்டறிக்கை தயாரிக்கும் நாளில் பெண் என்ற கட்டத்தில் எங்களைப் போட்டுப் பெருமைப்படுகிறீர்கள். ரோஸ்டர் தயாரிக்கும் நாளில் எஸ்சி என்ற கட்டத்தில் போட்டுக் கணக்கை முடிக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்த ஆளாக எங்களை ஒருநாளும் எண்ணியதில்லை.

இது வெறும் தாள் விவகாரம் இல்லை. ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான வயது வரம்பில் பட்டியல் சாதியினருக்கு 5 ஆண்டு தளர்வு. பெண்களுக்கும் 5 ஆண்டு தளர்வு. பட்டியல் சாதிப் பெண்ணுக்கும் அதே 5தான். வீட்டில் தம்பியின் படிப்பு முடியட்டும் என்று இரண்டு வருடம் தனியார் பள்ளியில் வேலை பார்த்து, அப்புறம் கல்யாணம், அப்புறம் குழந்தை, அதற்கப்புறம் ஆய்வுக்கு வரும் என் மாணவிக்கு இந்த இரண்டு தாமதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் விழுகின்றன. தளர்வு மட்டும் ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடுகிறது.

இனி அந்த அட்டவணைக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு தருகிறது. அடுத்த பிரிவே சில நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்குத் தருகிறது. சிறப்பு வாய்ந்தவை, ஆய்வு நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவம் கொண்டவை என்று ஒரு பட்டியல். ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், மானேசர் மூளை ஆய்வு மையம் எல்லாம் அதில் இருக்கின்றன. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் ஹோமி பாபா பட்டியலின் கீழ் வருகின்றன. மாணவர் சேர்க்கைக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதேபோல் ஓர் அட்டவணை உண்டு.

என் மாணவிகள் சிலருடைய ஊருக்குக் கல்பாக்கம் டவுன் பஸ் தூரம். அறிவியலில் இந்த நாடு எதை உச்சம் என்று சொல்கிறதோ அது அவர்கள் வீட்டிலிருந்து பக்கத்தில் இருக்கிறது. சட்டத்தில் மட்டும் அது எட்டாத இடம். நாட்டில் கீழ்மட்ட வேலை வரைக்கும் பொருந்துகிற ஒரு நியாயம், அறிவை உற்பத்தி செய்கிற இடத்துக்கு வந்ததும் ஏன் நின்றுவிடுகிறது என்று இவர்கள் கேட்டால் ஆசிரியராக நான் என்ன பதில் சொல்வது?

தகுதி என்பீர்கள். 2020இல் மத்திய அரசு அமைத்த, ஐஐடி டெல்லி இயக்குநர் தலைமையிலான குழுவும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. ஐஐடிகளையும் இந்த விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தகுதியைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். அது எப்படி அளக்கப்படுகிறது என்று உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பிஎச்டி நேர்காணல் ஒன்றில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி ஹாமில்டோனியன் பற்றியது இல்லை. "அப்பா என்ன பண்றார்?" கூலி வேலை என்றேன். "எந்த ஊர்?" சொன்னேன். குழுவில் இருந்த தமிழ்க்காரர் ஒருவர், "ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மற்றவர்களுக்கு அது புரிந்திருக்காது. எனக்கும் அவருக்கும் புரிந்தது. அதற்கப்புறம் கேட்ட அலைச்சார்புக் கேள்விக்கு விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் வாய் வரவில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டேன். நேரம் இல்லை என்றார்கள். என் ஊரைப் பற்றி விசாரிக்க நேரம் இருந்தது.

வேறோர் இடத்தில் சேர்ந்தேன். முதல் பருவம் முடிவதற்குள் வழிகாட்டியைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். பார்க்கச் சுதந்திரம் போலத் தெரியும். யாரிடம் போக வேண்டும், எப்படி மின்னஞ்சல் எழுத வேண்டும், எந்தப் பேராசிரியரிடம் பணம் இருக்கிறது என்பதெல்லாம் அப்பாவோ மாமாவோ விஞ்ஞானியாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சேரும்போதே தெரிந்திருந்தது. நான் கதவு கதவாகத் தட்டினேன். ஒருவர் குழுவில் இடம் இல்லை என்றார். அடுத்த வாரமே இன்னொரு பையனைச் சேர்த்துக்கொண்டார். இன்னொருவர், கல்யாணம் ஆகிவிட்டால் பாதியில் போய்விடுவாயே என்றார். கடைசியில் துறைத் தலைவர் பிடித்து ஒருவரிடம் தள்ளினார். நல்ல மனிதர்தான், ஆனால் என் தலைப்பு அவருடைய துறையே இல்லை.

வழிகாட்டி கிடைக்காதது சின்ன அசௌகரியம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2008இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் சேலம் மாவட்டத்திலிருந்து சென்ற ஒரு தலித் ஆய்வு மாணவர் தற்கொலை செய்துகொண்டார். அவருக்குக் கடைசி வரை வழிகாட்டி ஒதுக்கப்படவில்லை. எட்டு ஆண்டு கழித்து அதே வளாகத்தில் இன்னோர் ஆய்வு மாணவரான ரோஹித் வெமுலாவும் தற்கொலை செய்துகொண்டார். முதலாமவரின் சாவுக்குப் பிறகு ஒழுங்காக விதி எழுதி, அதை நடத்தியும் காட்டியிருந்தால் எத்தனை பேருக்கு உதவியிருக்கும்!

அப்புறம் கருவி ஸ்லாட். எக்ஸ்ரே டிஃப்ராக்டோமீட்டர், எலெக்ட்ரான் நுண்ணோக்கி போன்றவை துறைக்கு ஒன்றுதான் இருக்கும். பகல் ஸ்லாட் எல்லாம் சீனியர்களுக்கும் பெரிய குழுக்களுக்கும் போய்விடும். புதியவர்களுக்கு ராத்திரி கிடைக்கும். எங்கள் மகளிர் விடுதிக் கதவை இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்குப் பூட்டே கிடையாது. ராத்திரி வேலை செய்ய வழிகாட்டியிடமும் வார்டனிடமும் கடிதம் வாங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும். வீட்டிலிருந்து ஒப்புதலும் கேட்டார்கள், என்னை மாதிரி 26 வயதான ஆளுக்கும். பையன்கள் ஒரு வாரத்தில் எடுத்த அளவீட்டை நான் ஒரு மாதம் எடுத்தேன். ஆய்வுக்கட்டுரை எண்ணிக்கையை வைத்து அவர்களையும் என்னையும் ஒப்பிட்டபோது அந்தக் கதவு எந்த அட்டவணையிலும் வரவில்லை.

ஃபெலோஷிப்பும் ஒழுங்காக வராது. சில நேரம் ஐந்தாறு மாதத் தொகை சேர்ந்து வரும். வழிகாட்டி ஊரில் இல்லையென்றால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் பணம் இல்லை. ஜேஆர்எஃப் தொகையை 2023 ஜனவரி முதல் 31,000இலிருந்து 37,000 ஆக உயர்த்தினீர்கள், நல்லது. வராத 37,000ஐ வைத்து மெஸ் பில் கட்ட முடியாது. வீட்டிலிருந்து பணம் வரவழைத்துச் சமாளிக்க முடிந்தவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட நன்றாகச் சோதனை செய்வார். ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2016 விதிமுறையிலேயே வந்துவிட்டது. அவர் அதை எடுத்தார். திரும்பி வந்தபோது அவருடைய ப்ராஜெக்ட் வேறொருவர் கையில் இருந்தது. விதி மீறப்படவில்லை. விடுப்பு கொடுத்தார்கள், வேலையைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவர் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறார்.

முனைவர் பட்டத்துக்குப் பின் உதவிப் பேராசிரியர் நேர்காணல்கள். அவற்றில் சில, பட்டியல் சாதியினருக்கான பின்னடைவுப் பணியிடங்கள், அதாவது முந்தைய ஆண்டுகளில் நிரப்பாமல் விட்ட இடங்கள். முடிவு பல இடங்களில் ஒன்றே: என்எஃப்எஸ், அதாவது தகுதியானவர் யாரும் கிடைக்கவில்லை. ஏன், எதில் குறைவு, யாருக்கு என்ன மதிப்பெண் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. இடம் காலியாகவே இருக்கும், அடுத்த விளம்பரத்தில் மறுபடி வரும். 2021இல் உங்கள் அமைச்சகமே பின்னடைவுப் பணியிடங்களை ஓராண்டுக்குள் நிரப்பச் சொல்லி உத்தரவிட்டது. சட்டம் பொருந்துகிற இடத்திலேயே நிலைமை இப்படி இருக்கும்போது, பொருந்தாத இடத்தில் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவியல் தேவையில்லை.

அறிவியலில் பெண்களுக்கான சர்வதேச நாளான பிப்ரவரி 11 அன்று உங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் பெண் விஞ்ஞானிகளின் படங்கள் வரும். பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவைக் கொண்டாடுவீர்கள். இரண்டு கொண்டாட்டமும் சந்திக்கிற ஓர் இடம் உண்டு. 1933இல் கமலா பாக்வத், பிற்காலத்தில் கமலா சோஹோனி, இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் இயக்குநர் சி.வி. ராமன் மறுத்தார். கமலா நேரில் போய் வாதாடிய பிறகு, ஓராண்டு சோதனைக் காலம், ஆண்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, ராமனிடம் வைரத்தின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்து 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று பட்டம் மறுக்கப்பட்டது.

இந்தக் கதைகளை எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. கமலாவின் அப்பாவும் அப்பாவின் சகோதரரும் வேதியியலாளர்கள், அதே கழகத்தில் படித்தவர்கள். அன்னா மணியும் வசதியான குடும்பம். அப்படிப்பட்ட பின்புலம் இருந்தும் அவர்களுக்கு இந்த கதி. அது இல்லாத பெண்களின் விண்ணப்பம் இயக்குநரின் மேசைவரை போயிருக்கவே வாய்ப்பில்லை. அதனால் அவர்களுக்கு மறுப்புக் கடிதம்கூடக் கிடையாது, பிற்காலத்தில் படம் மாட்டவும் ஆள் கிடையாது. இன்றைக்கு உங்களிடம் விவரம் 'தொகுக்கப்படவில்லை' என்பதும் இதே ரகம்தான்.

இங்கே சாதி பார்ப்பதில்லை, அறிவியலை மட்டும்தான் பார்க்கிறோம் என்று உங்களில் பலர் மனசாரச் சொல்வீர்கள். பார்ப்பதில்லை என்றால் எண்ணுவதில் என்ன பயம்? அளக்காத ஒன்றைப் பற்றி உறுதியாகப் பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்களைப் போன்றவர்கள்தான்.

நான் கேட்பவை இவை.

அமைச்சகத்துக்கு: 2019 சட்டத்தின் அட்டவணையை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு மத்திய அரசே திருத்தலாம் என்று 4ஆவது பிரிவிலேயே இருக்கிறது. அந்த அட்டவணையிலிருந்து ஆய்வு நிறுவனங்களை நீக்குங்கள். ஒரேயடியாக முடியாது என்றால், உதவிப் பேராசிரியர் நிலையும் அதற்கு இணையான ரீடர் பணியிடங்களும் கொண்ட நிறுவனங்களிலிருந்து தொடங்குங்கள்; எதை எப்போது நீக்குவீர்கள் என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். ஜேஆர்எஃப் உள்ளிட்ட ஃபெலோஷிப்களில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு இரண்டு தளர்வுகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபெலோஷிப் தொகை மாதத்தின் முதல் வாரத்தில் மாணவர் கணக்குக்கு வரட்டும். வழிகாட்டியின் கையெழுத்து தாமதமானால் அதற்கு நிறுவனம் பொறுப்பேற்கட்டும், மாணவர் பட்டினி கிடக்க வேண்டாம்.

இயக்குநர்களுக்கு: அரசு திருத்தும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இடஒதுக்கீட்டைக் கட்டாயம் ஆக்கவில்லை என்றுதான் சட்டம் சொல்கிறது, தானாகச் சமூக நீதியைக் கடைப்பிடிக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பதவிநிலையிலும் சாதிப் பிரிவும் பாலினமும் குறுக்குநெடுக்காக வரும் கணக்கை ஆண்டுதோறும் இணையதளத்தில் போடுங்கள். ஆட்கள் குறைவான துறையில் தனிநபர் அடையாளம் தெரிந்துவிடும் என்றால் இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்துப் போடுங்கள், போடாமல் மட்டும் இருக்காதீர்கள். பிஎச்டி சேர்க்கையில் விண்ணப்பித்தவர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர், தேர்வானவர் என்று மூன்று நிலைகளுக்கும் இதே கணக்கு வேண்டும். எங்கே ஆட்கள் உதிர்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

நேர்காணலைப் பதிவு செய்யுங்கள். அப்பாவின் தொழில், ஊர், கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விகளை எழுத்தில் தடை செய்யுங்கள். கரும்பலகையில் எழுதிக் காட்டவும், தாய்மொழியில் விளக்கவும் விண்ணப்பிப்பவருக்கு உரிமை இருக்கட்டும். குழுவில் வெளியிலிருந்து வரும் தலித் அல்லது பழங்குடிப் பேராசிரியர் ஒருவரும், பெண் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். என்எஃப்எஸ் என்று முடிவெடுத்தால் காரணத்தையும் மதிப்பெண்ணையும் விண்ணப்பித்தவருக்கு எழுத்தில் கொடுங்கள்.

முதல் பருவம் முடிந்து முப்பது நாளுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டி ஒதுக்கப்பட வேண்டும். இல்லையென்றால் துறைத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். ஆய்வு மாணவிகளின் விடுதிக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டாம். இரவில் ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் வண்டி ஓடட்டும். மகப்பேறு விடுப்பில் போகிறவரின் ப்ராஜெக்ட் அவர் பெயரிலேயே இருக்கும் என்று விதியில் எழுதுங்கள்.

இந்த மடலின் நகலோடு, அட்டவணையில் உள்ள ஒவ்வொரு நிறுவனத்துக்கும் முன்பு கேட்ட அதே தகவல் உரிமை மனுவை அனுப்புகிறேன். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த முறை எண்களோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல் கௌரவ விரிவுரையாளர்